மின்சுமை இல்லாத மூலக்கூறுகள்: ஷாம்புவுக்கும் கிரீமுக்கும் உள்ளே

பினாங்குத் தமிழர் தண்ணீர்மலை என்று அழைக்கும் குன்றுப் பகுதியில், தாவரவியல் பூங்காவை ஒட்டி விழும் அருவி கருங்கல் பாறைகளின் மேல் ஓடிவருவதால், அந்த நீரில் கால்சியம், மக்னீசியம் உப்புகள் மிகக் குறைவு; அத்தகைய மென்னீரில் சவர்க்காரத்தைச் சிறிது தேய்த்தாலே நுரை பொங்கிவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜார்ஜ் டவுன் நகரத்தின் குடிநீருக்கு இந்த அருவியே முக்கிய ஆதாரமாக இருந்தது. இன்று தீவின் நீரில் பெரும்பங்கு பெருநிலத்து மூடா ஆற்றிலிருந்து வருகிறது என்றாலும், மலேசிய ஆற்று நீர் பொதுவாக மென்மையானதே என்பதால், குளியலறையில் சவர்க்காரம் முரண்டுபிடிக்கும் தொல்லை பினாங்குவாசிகளுக்கு அதிகம் தெரியாது. அதே சவர்க்காரத்தை இராமநாதபுரத்து உவர்க்கிணற்றிலோ சென்னைப் புறநகரின் ஆழ்துளைக் கிணற்றிலோ எடுத்த நீரில் கரைத்தால், நுரைக்குப் பதிலாக வெண்ணிறப் பிசுக்கு திரண்டு வாளியின் ஓரத்திலும் தலைமுடியிலும் படியும். சவர்க்கார மூலக்கூறு மின்சுமை தாங்கியது என்பதால் அந்த உப்புகளோடு இணைந்துவிடுவதுதான் இந்த வேறுபாட்டுக்குக் காரணம். மின்சுமையே இல்லாத மூலக்கூறுகளால் அழுக்கு நீக்க முடியுமா என்ற கேள்விக்குக் கிடைத்த விடையே இன்று ஷாம்பு, முகப்பூச்சு, குழந்தைக் குளியல் திரவம் என எல்லாவற்றிலும் இடம்பிடித்திருக்கும் அயனியற்ற பரப்புச் செயலிகள்.

நீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று வலுவாக ஈர்ப்பதால் அதன் மேற்பரப்பு இழுத்துக் கட்டிய நிலையில் இருக்கிறது. இந்தப் பரப்பு இழுவிசை 25 பாகை செல்சியசில் மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன். எண்ணெய் படிந்த தோலின் மீது நீர் பரவாமல் முத்து முத்தாக உருண்டோடுவது இதனால்தான். பரப்புச் செயலி என்பது ஒரு முனையில் நீரை நாடும் தலையும், மறுமுனையில் நீரை விலக்கி எண்ணெயை நாடும் நீண்ட கார்பன் சங்கிலி வாலும் கொண்ட மூலக்கூறு. அது நீரில் கலந்ததும் மேற்பரப்பை நோக்கி நகர்ந்து, தலையை நீருக்குள்ளும் வாலைக் காற்றுக்கோ எண்ணெய்க்கோ உள்ளும் வைத்து வரிசையாக நின்றுகொள்வதால், பரப்பு இழுவிசை ஏறத்தாழ 30 அளவுக்கு இறங்கிவிடுகிறது. மேற்பரப்பில் இடம் நிரம்பியபின் எஞ்சிய மூலக்கூறுகள் நீருக்குள்ளேயே கூட்டம் சேர்ந்து, வால்களை உள்ளே ஒளித்துத் தலைகளை வெளியே காட்டும் நுண்ணிய உருண்டைகளாகின்றன. மைசெல் எனப்படும் இந்த உருண்டைகளின் எண்ணெய்ப்பசையுள்ள உள்ளகத்தில்தான் தோலின் கொழுப்பும் வியர்வையோடு கலந்த அழுக்கும் புகுந்து, நீரோடு நீராக வெளியேறுகின்றன.

தலையின் தன்மையை வைத்தே இவை வகைப்படுத்தப்படுகின்றன. சவர்க்காரத்துக்கும் ஷாம்புவில் மிகுதியாகச் சேரும் சோடியம் லாரெத் சல்பேட்டுக்கும் எதிர்மின் தலை. முடியை மென்மையாக்கும் கண்டிஷனரின் முக்கியப் பொருளுக்கு நேர்மின் தலை. பீட்டெய்ன் வகைகளுக்கு இரண்டும் உண்டு. அயனியற்ற வகையின் தலையில் எந்த மின்சுமையும் இல்லை. அப்படியானால் அது நீரை எப்படிப் பற்றிக்கொள்கிறது? அந்தத் தலையில் ஆக்சிஜன் அணுக்கள் பல இருக்கின்றன. ஒவ்வொன்றும் அருகிலுள்ள நீர் மூலக்கூறின் ஹைட்ரஜனை மெல்ல ஈர்த்து ஹைட்ரஜன் பிணைப்பு என்னும் பலவீனமான தொடர்பை உண்டாக்குகிறது. ஒரு பிணைப்பால் ஒன்றும் ஆகாது. எட்டு, இருபது, எண்பது என்று அவை பெருகும்போது, பன்னிரண்டு கார்பன் நீளமுள்ள எண்ணெய் வாலையும் நீருக்குள் இழுத்துவரும் வலிமை கிடைத்துவிடுகிறது. இந்த வகையின் எல்லாச் சிறப்புகளும் எல்லாக் குறைகளும், ஒரே வலுவான பிடிக்குப் பதிலாகப் பல மெல்லிய பிடிகளை நம்பியிருக்கும் இந்த ஏற்பாட்டிலிருந்தே கிளைக்கின்றன.

இத்தகைய தலையைத் தொழிற்சாலையில் உருவாக்கும் வழிக்கு ஜெர்மனியின் ஐ.ஜி. ஃபார்பன் நிறுவன வேதியியலாளர்களான ஷோலரும் விட்வரும் 1930ஆம் ஆண்டளவில் காப்புரிமை கோரினர். எத்திலீன் ஆக்சைடு என்னும் வாயுவைக் கொழுப்பு ஆல்ககாலோடு அழுத்தத்தில் வினைபுரிய வைத்தால், அது ஒன்றன்பின் ஒன்றாகக் கோர்த்துக்கொண்டு சங்கிலியாக நீள்கிறது. எத்தனை கண்ணிகள் வேண்டும் என்பதை ஆலைக்காரரே முடிவு செய்யலாம். முதலில் ஜவுளித் தொழிலுக்காகப் பயன்பட்ட இந்த முறை, பின்னர் ஒப்பனைப் பொருள்களுக்குள் நுழைந்தது. ஷாம்பு போத்தலின் பின்புறம் காணப்படும் லாரெத்-4, லாரெத்-23 போன்ற பெயர்களில் உள்ள எண் இந்தக் கண்ணிகளின் சராசரி எண்ணிக்கையே அன்றி வேறில்லை.

அந்த எண் எவ்வளவு தூரம் முக்கியமானது என்பதைக் கணக்காகக் காட்டியவர் அமெரிக்காவின் அட்லஸ் பவுடர் நிறுவனத்தில் பணியாற்றிய வில்லியம் கிரிஃபின். வெடிமருந்து செய்து பெயர்பெற்ற நிறுவனம் அது. சார்பிட்டால் என்னும் சர்க்கரை ஆல்ககாலில் கொழுப்பு அமிலத்தை இணைத்து ஸ்பான், ட்வீன் என்ற பால்மமாக்கிகளைச் சந்தைக்குக் கொண்டுவந்ததும் அதே நிறுவனம்தான் என்பது தொழில்வரலாற்றின் வேடிக்கைகளுள் ஒன்று. கிரிஃபின் 1949இல் வெளியிட்ட அளவுகோல் 0 முதல் 20 வரை செல்கிறது: மூலக்கூறின் எடையில் நீரை நாடும் பகுதி எத்தனை விழுக்காடு என்று கண்டு, அதை 5ஆல் வகுத்தால் போதும். லாரெத்-4இன் மூலக்கூற்று எடை சுமார் 362, அதில் எத்திலீன் ஆக்சைடுப் பகுதி 176. ஆகவே மதிப்பு 9.7. அதே வாலுடன் 23 கண்ணிகள் சேர்ந்த லாரெத்-23க்கு மதிப்பு 16.9. மதிப்பு 3 முதல் 6 வரை உள்ளவை எண்ணெய்க்குள் நீர்த்துளிகளைத் தாங்கும் கனமான பூச்சுகளுக்கும், 8க்கு மேற்பட்டவை நீருக்குள் எண்ணெய்த்துளிகளைத் தாங்கும் இலகுவான கிரீம்களுக்கும், 13 முதல் 15 வரை உள்ளவை அழுக்கு நீக்கவும், அதற்கும் மேற்பட்டவை நறுமண எண்ணெய்களை நீரில் கரைக்கவும் ஏற்றவை. வால் மாறவில்லை, தலையின் நீளம் மட்டும் மாற, பொருளின் தொழிலே மாறிவிடுகிறது. கிரிஃபினின் கணக்கு வெப்பத்தையும் உப்பையும் கருதாத தோராயமான ஒன்றுதான் என்றாலும், எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் புதிய கிரீம் ஒன்றை வடிவமைப்பவர் முதலில் கையிலெடுப்பது அதையே.

அயனியற்ற செயலிகள் தம் திறமையை முழுமையாகக் காட்டும் இடம் கிரீம். முகப்பூச்சு என்பது பெரும்பாலும் நீருக்குள் எண்ணெய் நுண்துளிகள் பரவி நிற்கும் பால்மம். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைப் படிகளில் குடங்களில் சுமந்துசெல்லப்படும் பாலும் இதே வகைதான், ஆயினும் அதில் கொழுப்புத் துளிகளைக் காப்பவை புரதங்களும் பாஸ்போலிப்பிட் என்னும் கொழுப்புகளும். கிரீமில் அந்தப் பணியைக் கிளிசரில் ஸ்டியரேட், சார்பிட்டன் ஸ்டியரேட், பாலிசார்பேட் 60, செட்டியரெத்-20 போன்றவை செய்கின்றன. எதிர்மின் செயலி காக்கும் துளிகள் ஒன்றையொன்று மின்விசையால் தள்ளி விலகி நிற்கின்றன. அதில் உப்போ அமிலமோ துத்தநாகச் சேர்மமோ கலந்தால் மின்விசை மறைந்து துளிகள் ஒன்றாகிவிடும். அயனியற்ற செயலி காக்கும் துளிகளைச் சுற்றி நீர் ஊறிய நீண்ட தலைகள் அடர்ந்த வேலியாக நிற்பதால், இரு துளிகள் நெருங்கினால் அந்த வேலிகள் நசுங்க இடமின்றித் துளிகளைப் பிரித்தே வைக்கின்றன. வெயில்காப்புப் பூச்சில் கனிமத் தூள்களையும் முகப்பருப் பூச்சில் அமிலங்களையும் சேர்க்க முடிவதற்கு இந்த வேலியே துணை. பெரும்பாலான கிரீம்களில் எண்ணெயை நாடும் ஒரு செயலியும் நீரை நாடும் ஒரு செயலியும் இணையாகச் சேர்க்கப்படுகின்றன. இரண்டும் துளியின் மேற்பரப்பில் நெருக்கமாக அமைந்து, தனித்தனியே தர முடியாத உறுதியைத் தருகின்றன.

நறுமணத் தெளிப்பான்களில் வேறொரு கதை. மல்லிகை எண்ணெயை நீரில் விட்டால் அது மிதக்கும். ஹைட்ரஜன் ஏற்றிய ஆமணக்கு எண்ணெயில் நாற்பது எத்திலீன் ஆக்சைடுக் கண்ணிகளைச் சேர்த்துச் செய்யப்படும் செயலியைக் கலந்தால், எண்ணெய் மைசெல்களுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் ஒடுங்கித் தெளிவான திரவம் கிடைக்கிறது. உலகின் ஆமணக்கு விளைச்சலில் பெரும்பகுதி இந்தியாவில், குறிப்பாகக் குஜராத்தில், நடக்கிறது. குழந்தையின் உச்சந்தலையில் வைக்கும் விளக்கெண்ணெய்தான் இங்கே வேறு கோலத்தில் வாசனைத் தண்ணீருக்குள் நிற்கிறது.

இவை தோலுக்கு இதமானவை என்ற பெயர் எப்படி வந்தது என்பதற்கும் மின்சுமை இன்மையே விளக்கம். தோலின் மேலடுக்கில் உள்ள கெரட்டின் புரதத்தில் மின்சுமை தாங்கிய இடங்கள் பல. எதிர்மின் தலைகள் அவற்றோடு ஒட்டிக்கொண்டு புரதத்தின் மடிப்பைக் குலைத்து, இடையிலுள்ள கொழுப்பையும் கழுவிவிடுவதால் குளித்தபின் தோல் இறுகியும் வறண்டும் போகிறது. தோல் எரிச்சலை ஆராயும் மருத்துவர்கள் ஒப்பீட்டுக்காகத் தோலில் வேண்டுமென்றே எரிச்சல் உண்டாக்க வேண்டியிருந்தால் சோடியம் லாரில் சல்பேட்டையே கையாள்கிறார்கள் என்பது போதிய சான்று. இன்னொரு காரணமும் உண்டு. அந்தச் சல்பேட்டு லிட்டருக்கு ஏறத்தாழ 2.3 கிராம் சேர்ந்தபிறகே மைசெல்களை உண்டாக்கத் தொடங்குகிறது. பன்னிரண்டு கார்பன் வாலும் எட்டுக் கண்ணித் தலையும் கொண்ட அயனியற்ற செயலிக்கு லிட்டருக்கு 0.1 கிராமுக்கும் குறைவே போதும். மைசெல்கள் பருத்தவை, தோலுக்குள் எளிதில் நுழையாதவை. தனித்துத் திரியும் மூலக்கூறுகளே ஊடுருவித் தொல்லை தருபவை. அயனியற்ற கரைசலில் அத்தகைய தனி மூலக்கூறுகள் மிகச் சொற்பம். குழந்தை ஷாம்புகளில் எண்பது கண்ணிகள் கொண்ட சார்பிட்டன் லாரேட்டு சேர்க்கப்படுவது, அது சல்பேட்டுகளையும் தன் பெரிய மைசெல்களுக்குள் இழுத்துக்கொண்டு கண்ணெரிச்சலைக் குறைப்பதால்தான்.

ஆனால் இதமானவை என்பதைப் பொதுவிதியாகக் கொள்வது பிழை. லாரெத்-9 என்னும் செயலி அரிப்பைத் தணிக்கும் தோல் மருந்துகளில் மரத்துப்போகச் செய்யும் பொருளாகச் சேர்க்கப்படுகிறது. அதே பொருள் பாலிடோக்கனால் என்ற மருந்துப் பெயரில், புடைத்த காலிரத்த நாளங்களுக்குள் ஊசியாகச் செலுத்தப்பட்டு, நாளத்தின் உட்சுவர்ச் செல்களைச் சிதைத்து அதை மூடிவிடுகிறது. கொழுப்பாலான செல் உறையைக் கரைக்கும் திறன் எந்தப் பரப்புச் செயலிக்கும் இயல்பானதே. எங்கே, எவ்வளவு, எவ்வளவு நேரம் என்பதே இதமா எரிச்சலா என்பதைத் தீர்மானிக்கிறது.

மெல்லிய பிடிகளை நம்புவதால் வரும் குறை வெப்பத்தில் வெளிப்படுகிறது. சூடு ஏற ஏற நீர் மூலக்கூறுகள் துள்ளி ஹைட்ரஜன் பிணைப்புகள் அறுவதால், தலை தன்னைச் சூழ்ந்த நீரை இழந்து, தெளிவாக இருந்த கரைசல் ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் திடீரென மங்கிக் கலங்கிவிடுகிறது. ஆறு கண்ணிச் செயலிக்கு இது ஏறத்தாழ 50 பாகை. கண்ணிகள் கூடினால் இது உயரும், உப்பு கூடினால் தாழும். பெரும்பாலான பொருள்கள் சூடாகும்போது நீரில் நன்றாகக் கரைய, இவை மட்டும் நேர்மாறாக நடப்பது மாணவர்களை எப்போதும் திகைக்க வைப்பது. பினாங்கின் நண்பகல் வெயிலில் மூடிவைத்த காரின் உட்புறம் இந்த அளவை எளிதில் எட்டிவிடும் என்பதால், அங்கே விடப்பட்ட முகங்கழுவும் திரவம் கலங்குவதும், குளிர்ந்ததும் மீண்டும் தெளிவதும் இயல்பானவை; பால்மமான கிரீம் அத்தகைய சூட்டில் பிரிந்துவிட்டால், அது ஆறியபின் தானாகச் சேர்வது அரிது.

இந்தச் செயலிகளின் வால் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் விடை பினாங்குக்கு மிக அருகில் இருக்கிறது. செம்பனைப் பழத்தின் சதை தரும் எண்ணெயில் பதினாறு, பதினெட்டுக் கார்பன் அமிலங்களே மிகுதி. கொட்டையின் பருப்பு தரும் எண்ணெயிலோ, தேங்காயெண்ணெயைப் போலவே, ஏறத்தாழப் பாதி பன்னிரண்டு கார்பன் கொண்ட லாரிக் அமிலம், நுரைக்கும் அழுக்கு நீக்கத்துக்கும் மிகப் பொருத்தமான நீளம். 1917இல் கோலசிலாங்கூரின் தென்னமாரம் தோட்டத்தில் வணிக முறையில் செம்பனை நடப்பட்டதிலிருந்து தொடங்கிய இந்தப் பயிர், ரப்பர் மரங்களின் இடத்தைப் பிடித்த பத்தாண்டுகளில் தோட்டத்துத் தமிழ்க் குடும்பங்கள் பல நகர்ப்புறங்களுக்கு வெளியேற நேர்ந்தது. இன்று குலை வெட்டுவோரில் பெரும்பாலானோர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள். தீவுக்கு எதிர்க்கரையில் உள்ள பிறைத் தொழிற்பேட்டையில் ஐஓஐ ஆசிட்கெம் ஆலை எண்ணெயை உடைத்துக் கொழுப்பு அமிலங்களும் கிளிசரினும் செய்கிறது. அவ்விரண்டையும் மறுபடி வேறு விகிதத்தில் இணைத்தால் கிடைக்கும் கிளிசரில் ஸ்டியரேட், முகப்பூச்சுகளில் காணப்படும் அயனியற்ற செயலிகளிலேயே எளிமையானது.

தலையின் பிறப்பிடம் வேறு. எத்திலீன் ஆக்சைடு பெட்ரோலிய வாயுக்களிலிருந்து கிடைக்கும் எத்திலீனிலிருந்து செய்யப்படுவது. மலேசியாவில் திரங்கானுவின் கெர்த்தேயில் பெட்ரோனாஸ் குழுமத்தின் ஆலைகள் அதையும், அதிலிருந்து எத்தாக்சிலேட்டுகள் எனப்படும் எத்திலீன் ஆக்சைடுத் தலைச் செயலிகளையும் தயாரிக்கின்றன. லாரெத்-23 போன்ற மூலக்கூறின் எடையில் ஆறில் ஐந்து பங்கு இந்த வாயுவிலிருந்து வந்ததாக இருக்க, அதைச் சேர்த்த போத்தலின் முகப்பில் தாவரத்திலிருந்து பெறப்பட்டது என்று அச்சிடுவது வாலை மட்டும் காட்டித் தலையை மறைக்கும் விளம்பரம். தாவர மூலம் என்ற சொற்றொடருக்கு வாசகர் தரும் மதிப்பில் ஒரு பகுதியை இந்தக் கணக்கைப் பார்த்தபின் குறைத்துக்கொள்வதே நியாயம்.

தலையும் தாவரத்திலிருந்தே வர வேண்டுமென்றால் சர்க்கரையை நாட வேண்டும். குளுக்கோசை ஆல்ககாலோடு நேரடியாக இணைக்கும் வழியை எமில் ஃபிஷர் 1893இல் கண்டார். 1911இல் நீண்ட வாலுள்ள குளுக்கோசைடுகளும் அவர் ஆய்வகத்தில் செய்யப்பட்டன. ஆயினும் சூடேற்றினால் கருகும் சர்க்கரையையும் அதோடு கலக்காத கொழுப்பு ஆல்ககாலையும் பெருமளவில் நிறம் கெடாமல் இணைப்பது எளிதாக இல்லை. ஹென்கெல் நிறுவனம் 1990களின் தொடக்கத்தில்தான் அதைப் பேரளவுத் தொழிலாக்கியது. டெசில் குளுக்கோசைடு, கோகோ குளுக்கோசைடு என்ற பெயர்களில் சல்பேட்டு இல்லாத ஷாம்புகளில் இப்போது மிகுதியாக இடம்பெறும் இவை, எத்தாக்சிலேட்டுகளைப் போல் சூட்டில் எளிதாக மங்குவதில்லை; அயனியற்ற வகைகளில் நன்றாக நுரைப்பவையும் இவையே. ஆனாலும் அமெரிக்கத் தொடர்புத் தோலழற்சிச் சங்கம் 2017ஆம் ஆண்டின் கவனிக்கத்தக்க ஒவ்வாமைப் பொருளாகத் தேர்ந்தெடுத்தது இந்தக் குளுக்கோசைடுகளைத்தான். இயற்கையான சர்க்கரை என்பதால் எல்லார் தோலும் ஏற்றுக்கொள்ளும் என்று எதிர்பார்க்க முடியாது.

சர்க்கரைத் தலையுடைய செயலியைத் தமிழர் குளியலறை இதற்கு வெகுகாலம் முன்பே அறிந்திருந்தது. சீயக்காயிலும் பூந்திக்கொட்டையின் தோலிலும் உள்ள சப்போனின்கள், முப்பது கார்பன் கொண்ட வளையக் கூட்டை வாலாகவும் சர்க்கரைச் சங்கிலிகளைத் தலையாகவும் கொண்டவை. சிலவற்றில் வலுவற்ற அமிலத் தொகுதி ஒன்று இருந்தாலும் அவை பெரும்பாலும் அயனியற்றவையாகவே நடந்துகொள்கின்றன. எண்ணெய்க் குளியலுக்குப் பின் சீயக்காய் எண்ணெயை எடுத்தாலும் தலையை முழுதாக வறட்டிவிடாததற்கும், அதன் கரைசல் சவர்க்காரத்தைப் போல் காரத்தன்மை காட்டாமல் லேசான அமிலத்தன்மையோடு இருப்பதற்கும், உவர்நீரிலும் பிசுக்கின்றி வேலை செய்வதற்கும் இந்த அமைப்பே அடிப்படை. பொற்கொல்லர் நகைக்கும் பட்டு நெசவாளர் பட்டுக்கும் பூந்திக்கொட்டையைத் தேர்ந்ததில் அனுபவம் சார்ந்த வேதியியல் இருந்தது. ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவின் கடைகளில் இன்றும் பொட்டலமாகக் கிடைக்கும் சீயக்காய்த் தூளும், அதன் பெயரைத் தாங்கி வரும் ஷாம்புவும் ஒன்றல்ல. பின்னதில் அழுக்கை நீக்கும் வேலையைப் பெரும்பாலும் சல்பேட்டே செய்ய, சீயக்காய்ச் சாறு சிறிதளவு உடன் வருகிறது.

எத்தாக்சிலேட்டுகள் குறித்து எழும் கவலையும் நியாயமானது. எத்திலீன் ஆக்சைடு கோர்க்கும் வினையில் இரு கண்ணிகள் வளையமாக மூடிக்கொண்டு 1,4-டையாக்சேன் என்னும் பக்கவிளைபொருள் சிறிதளவு உண்டாகிறது. விலங்கு ஆய்வுகளில் புற்றுநோயை உண்டாக்கிய பொருள் இது. வெற்றிடத்தில் நீராவி செலுத்தி இதை வெளியேற்றும் வழி ஆலைகளுக்குத் தெரியும், செய்தால் செலவு கூடும் என்பதே தயக்கம். நியூயார்க் மாநிலம் 2019இல் இயற்றிய சட்டம், தனிநபர் பராமரிப்புப் பொருள்களில் இதன் அளவை 2022 முடிவிலிருந்து பத்து இலட்சத்தில் இரண்டு பங்காகவும், 2023 முடிவிலிருந்து ஒரு பங்காகவும் வரையறுத்தது. ஒப்பனைப் பொருள்களுக்கான வரம்பு பத்துப் பங்கு. எத்தாக்சிலேட்டு அல்லாத கோகமைட் டிஇஏ என்னும் நுரைபெருக்கியையும், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் வாய்ப்புள்ளவற்றின் வரிசையில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை சேர்த்துள்ளது.

மலேசியா உள்ளிட்ட ஆசியான் நாடுகள் 2003இல் கையொப்பமிட்டு 2008 முதல் நடைமுறைப்படுத்திய ஒப்பனைப் பொருள் விதிகளின்படி, போத்தலின் மீது எல்லா உட்பொருள்களும் அளவு குறையும் வரிசையில் அச்சிடப்பட வேண்டும். ஒரு விழுக்காட்டுக்குக் குறைவானவற்றை மட்டும் எந்த வரிசையிலும் எழுதலாம். பெயரின் இறுதியில் எத் என்று வந்து எண் தொடர்ந்தாலோ, பிஇஜி அல்லது பாலிசார்பேட் என்று தொடங்கினாலோ அங்கே எத்திலீன் ஆக்சைடுத் தலை உண்டு; குளுக்கோசைடு என்று முடிந்தால் சர்க்கரைத் தலை; சார்பிட்டன் அல்லது கிளிசரில் என்று தொடங்கிக் கண்ணி எண் எதுவும் இல்லாவிட்டால் எத்திலீன் ஆக்சைடு தொடாத எஸ்டர். லாரெத் என்ற பெயருக்கு முன்னால் சோடியமும் பின்னால் சல்பேட்டும் ஒட்டியிருந்தால் மட்டும் அது இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. எத்திலீன் ஆக்சைடுக் கண்ணிகள் அதிலும் உண்டு, ஆனால் அவற்றின் முனையில் மின்சுமை ஏற்றப்பட்டுவிட்டது.